கல் குடித்த மஞ்சள்தண்ணீர்

சாணைக்கல் தண்ணீர் குடிக்கும் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரித்துத் தொலையட்டும். அப்படிச் சிரித்த ஒரு முதலாளியிடம்தான் நான் ஏழு வருஷம் சாணை மிஷின் ஓட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் என் கூட்டாளியின் வலது கண் போனது. பழியைத் தூக்கி என் தலையில் வைத்தார்கள். வைத்துக்கொண்டு நின்றேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டின் மேல், தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே ஒரு லேத்து, ஓட்டை போடுகிற மிஷின் ஒன்று, அப்புறம் என் சாணை. கிணற்றுக்குக் கிணறு எஞ்சினும் மோட்டாரும் வந்துகொண்டிருந்த காலம். அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்தும் தொண்டூரிலிருந்தும் மாட்டு வண்டியில் பம்பு சாமான்களை ஏற்றிக்கொண்டு வருவார்கள். மல்லாட்டை, வேர்க்கடலைதான், அதை உடைக்கிற மிஷினின் பல்சக்கரம் வரும், வால்வு வரும், வார்ப்படத்தில் ஊற்றிய இரும்பு முள்ளும் பிசிறுமாக வரும். லேத்துக்காரன் கடைந்து கொடுப்பான். நான் பிசிறெடுத்து, தேய்த்து, கட்டைவிரலை வைத்தால் வழுக்குகிற அளவுக்கு வழவழப்பாக்கிக் கொடுப்பேன். சாணை என்றால் தெருவில் அரிவாள் தீட்டுகிற வேலை என்று நினைத்துக்கொள்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். முன்கையில் பொறி பட்டுப் பட்டுப் புள்ளி விழுந்திருக்கும். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பயம் முழுக்கக் கல்லின் மேல்தான். சோற்றுத் தட்டைவிடப் பெரிய கல் அது. சுற்றுகிறபோது அதன் ஓரம் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு வேகம். அந்த வேகத்தில் அது தெறித்தால் துப்பாக்கிக் குண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அதனால் புதுக்கல் வந்தால் முதலில் கயிற்றில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்று மணி மாதிரி கேட்டால் நல்ல கல். கீறல் விழுந்த சட்டியைத் தட்டின மாதிரி சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது, தூக்கி எறிய வேண்டியதுதான். மேலே இரும்பு மூடி இல்லாமல் ஓட்டமாட்டேன். சுவிட்சைப் போட்டதும் ஒரு நிமிஷம் ஓரமாக விலகி நிற்பேன், நேர் எதிரே நிற்கமாட்டேன்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் இந்தக் கதைக்கே காரணம். கல்லுக்குக் கீழே ஒரு தகரத் தொட்டி உண்டு. தேய்க்கிற இரும்பு சூடேறாமல் இருக்க அதில் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்யாமல் நான் வீட்டுக்குப் போனதே கிடையாது. கல் அசையாமல் தண்ணீரில் நின்றால் கீழ்ப்பாதி மட்டும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் கனமாகிவிடும். மறுநாள் சுற்றவிட்டால் ஒரு பக்கமாக உதறும். உதறினால் உடையும். இவ்வளவுதான் விஷயம், சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

புரிகிற இந்த விஷயத்தை நான் யாரிடமும் வாயைத் திறந்து சொல்லவில்லை. என் தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆயுத பூசைக்கு முதலாளியின் மனைவி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மிஷின்களைக் கழுவுவார்கள். மஞ்சள்தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றுவார்கள். கைராசிக்காரம்மா என்று அவர்களுக்குப் பேர். அந்தம்மா ஊற்றுகிற மஞ்சள்தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் வருஷா வருஷம் ஒரு பொய் சொன்னேன். "கல்லுக்கு நான் தனியா பூச போட்டுக்கிறேன்மா, எங்க வாத்தியாரு அப்டித்தான் சொல்லிக் குடுத்தாரு" என்று சொல்லி, முந்தின நாளே கல்லைக் கழற்றிச் சாக்கில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். அந்தம்மா வெறும் மிஷினுக்குப் பூசை போடுவார்கள். பூசைக்கு மறுநாள், விஜயதசமியன்று காலையில் நல்ல நேரம் பார்த்து மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டவேண்டும் என்பது பட்டறை வழக்கம். கல்லை மாட்டி ஓட்டிக் காட்டுவேன். எல்லோரும் பொரி கடலை தின்றுவிட்டுப் போவார்கள். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது.

ஆறாவது வருஷம் பூசைக்கு எட்டு நாள் முன்னால் என் நைனா செத்துப்போனார். பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரைக்கும் பட்டறைப் பக்கம் தலை காட்ட வேண்டாம் என்று முதலாளி ஆள் சொல்லி அனுப்பினார். பூசை வருகிற நேரத்தில் தீட்டோடு மிஷினைத் தொடக்கூடாதாம். சரி என்று கிடந்தேன். நைனா போன துக்கத்தில் கல்லும் நினைவுக்கு வரவில்லை, தொட்டியும் நினைவுக்கு வரவில்லை.

விஜயதசமி காலையில் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தேன். லேத்துக்காரனுடைய மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாள். தீட்டு வீடு என்பதால் தள்ளி நின்றபடியே பேசினாள். முந்தின நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனாளாம்.

"இந்த வருஷம் உங்க மிஷினுதான் அண்ணா ரொம்ப ஜோரு. மூடியெல்லாம் கழட்டிட்டு கல்லுக்கே சந்தனம் பூசி மால போட்டாங்க. கீழ தொட்டி நெறைய மஞ்சத்தண்ணி ரொப்பி, பூவ மெதக்க உட்டாங்க. பார்க்கவே தெப்பக்கொளம் மாதிரி இருந்திச்சி" என்றாள்.

சட்டென்று எழுந்துவிட்டேன். "இன்னிக்கி யாரு ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"உங்க மச்சான்தான். மொதலாளி அவரத்தான் ஓட்டச் சொல்லிட்டாரு. ஒம்போதரைக்கு நல்ல நேரமாம்."

மச்சான் என்று நானும் லேத்துக்காரனும் கூப்பிட்டுக்கொள்வது வழக்கம், சொந்தமெல்லாம் இல்லை. லேத்தில் அவனுக்கு ஈடு செஞ்சியில் ஆள் கிடையாது. ஆனால் சாணையில் ஒரு நாளும் கை வைத்தவன் இல்லை. சட்டைகூடப் போடாமல் தோளில் கிடந்த துண்டோடு ஓடினேன். கோட்டை மதில் ஓரமாகக் குறுக்கே விழுந்து ஓடினால் பட்டறைக்குக் கொஞ்சம் சீக்கிரம் போகலாம். முள் குத்தியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

பட்டறை வாசலில் மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. உள்ளே சாம்பிராணிப் புகை. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். வாசலிலிருந்தே கல் தெரிந்தது. மேல்பாதி வெளுத்த சாம்பல் நிறம். கீழ்ப்பாதி நனைந்த மண்சுவர் மாதிரி கறுத்துக் கிடந்தது. இரும்பு மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் மச்சான் கல்லுக்கு நேர் எதிரே கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருந்தான்.

"மொதலாளி! ஓட்டாதீங்க!" என்று கத்தினேன்.

முதலாளி திரும்பிப் பார்த்தார். "டேய் டேய், எங்க வர? அங்கயே நில்லு! பூச போட்ட எடம்டா!"

"கல்லு தண்ணி குடிச்சிருக்குது மொதலாளி. ரெண்டு மூணு நாளு காயணும். இப்ப ஓட்டினா ஒடஞ்சிடும்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "இன்னாது? கல்லு தண்ணி குடிக்குதா? நீ குடிச்சிட்டு வந்தியாடா?"

கூட்டமும் சிரித்தது. நான் விடவில்லை. "மச்சான், நீயாவது கேளு. எதிர்ல நிக்காத. ஓரமா தள்ளி நில்லு!" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், அப்புறம் முதலாளியைப் பார்த்தான். முதலாளி, "நல்ல நேரத்துல தீட்டுக்காரன் வாயத் தொறக்கிறான் பாரு. நீ போட்ரா சுவிட்ச" என்றார்.

எனக்கும் கல்லுக்கும் நடுவில் பத்தடி இருக்கும். வாசற்படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். இன்னொரு காலைத் தூக்கி உள்ளே வைத்திருந்தால் போதும், பாய்ந்து அவனைப் பிடித்து இழுத்திருப்பேன். வைக்கவில்லை. நைனா செத்த ஒன்பதாம் நாள், சாமி படத்துக்கு விளக்கு எரிகிற இடத்தில் நுழைய என் கால் கூசியது. அந்தக் காலை வெட்டிப் போடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

மச்சான் சுவிட்சைப் போட்டான். கல் முதலில் முனகியது. அடுத்து மிஷினே தடதடவென்று ஆடியது, பொரித்தட்டு தரையில் விழுந்தது. இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஒரு துண்டு தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. இன்னொரு துண்டு அவன் முகத்தில் விழுந்தது. அவன் கத்தக்கூட இல்லை, முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். கையை எடுக்கச் சொன்னேன். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. ஆமாம், அப்போது நான் உள்ளேதான் இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு என் கால் நன்றாகவே உள்ளே போயிற்று.

அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது முதலாளி பேசிய முதல் பேச்சு இது: "தீட்டுக்காரன் வாசல்ல நின்னு கொரல் குடுத்தான். மிஷினு ரத்தம் கேட்டுடிச்சி." அடிபட்டவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கச் சொல்லவில்லை அந்த ஆள். அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்.

பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கண்ணை எடுக்கவேண்டியதாகிவிட்டது. அவன் திரும்பி வருவதற்குள் ஊர் முழுக்க என் கதைதான். டீக்கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். என் அம்மாவிடமே ஒருத்தி வந்து, "உன் புள்ள ஏம்மா அன்னிக்கி அங்க போனான்?" என்று கேட்டாளாம். போனதுதான் குற்றமாம். கல்லை ராத்திரி முழுக்கத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி வைத்தவர்கள் பேரில் குற்றமில்லை, மூடியைக் கழற்றியவர்கள் பேரில் குற்றமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், ஊரே உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றது.

கருமாதி முடிந்த மறுநாள் பட்டறைக்குப் பின்னால் போனேன். உடைந்த கல்லின் துண்டுகளைக் குப்பையோடு கொட்டியிருந்தார்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்த பெரிய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மல்லாட்டை மண்டிக்குப் போனேன். மண்டிக்காரர் மேல்சித்தாமூர்ச் சமணர், நிதானமான மனுஷன். அவர் தராசில் கல்துண்டை வைத்து எடைக்கல்லோடு சமமாக நிறுத்திக்கொண்டேன். பிறகு அதே துண்டை அவர் வீட்டு வாளியில் மத்தியானம் வரைக்கும் ஊறப்போட்டேன். எடுத்துத் துணியால் துடைத்துத் திரும்பத் தராசில் வைத்தால் தட்டு சடாரென்று கீழே போயிற்று. "அடேங்கப்பா, நல்லாத்தான் குடிக்குது" என்றார் மண்டிக்காரர்.

ஈரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். வேண்டுமானால் மண்டிக்காரரைக் கேளுங்கள் என்றேன். அவர் கல்லைத் தொடக்கூட இல்லை. முகம் மட்டும் சிவந்துபோயிற்று.

"எடை போட்டுக் காட்டுறியா எனக்கு? என் பொண்டாட்டி பண்ண பூசையில குத்தம் கண்டுபுடிக்க வந்தியா?"

"பூசையில குத்தம் இல்ல மொதலாளி. தொட்டியில தண்ணி இருந்ததுதான்..."

"வாய மூடு. ஒத்தக் கண்ணன வெச்சி லேத்து ஓட்டணும்னு எனக்கு இன்னா தலையெழுத்தா? போனாப் போவுது, நம்ம பட்டறைல பட்டுட்டானேன்னு பார்த்துக்கினு இருக்கிறேன். ஒழுங்கா வர வெள்ளிக்கெழம பட்டற வாசல்ல பூசணிக்கா ஒடச்சி, என் தீட்டாலதான் வந்துதுன்னு நாலு பேரு முன்னால சொல்லி, மிஷினு கால்ல உழு. நீயும் இருக்கலாம், அவனும் இருக்கலாம். இல்லன்னா ரெண்டு பேரும் நடையக் கட்டுங்க."

போடா நீயும் உன் மிஷினும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனசில் சொன்னேன், வாயால் சொல்லவில்லை. அங்கிருந்து மச்சான் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மனைவி உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீயும் நானும் திண்டிவனம் போய்விடலாம், அங்கே பட்டறைகள் இருக்கின்றன என்றேன்.

உள்ளே இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தான் அவன். பிறகு, "ஒடச்சிடு மச்சான்" என்றான்.

"இன்னாடா சொல்ற? நீயும் என் தீட்டாலதான்னு நம்புறியா?"

"நம்புறனா நம்பலியான்னு இப்ப கேக்காத. ஒனக்குக் கண்ணு ரெண்டும் இருக்குது, திண்டிவனம் போனாலும் வேல குடுப்பான். எனக்கு எவன் லேத்து குடுப்பான்? மூணு புள்ளைங்கடா. ஒடச்சிடு. எனக்காவ ஒடச்சிடு."

அவன் மனைவி சோற்றுப் பானையை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை உடைத்தேன். பூசணிக்காயில் ஓட்டை போட்டு உள்ளே குங்குமத்தைக் கொட்டி என் கையில் கொடுத்தார்கள். ரோட்டில் போன பஸ்கூட நின்று பார்த்தது. என் தீட்டால் வந்தது என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். சத்தமாகச் சொல் என்றார் முதலாளி, சத்தமாகச் சொன்னேன். ஆறு வருஷம் என் கையால் எண்ணெய் போட்டுத் துடைத்த மிஷினின் காலில் நெற்றி பட விழுந்தேன். எழுந்திருக்கும்போது முதலாளியின் மனைவி என் நெற்றியில் விபூதி பூசி, "இனிமே எல்லாம் நல்லபடியா நடக்கும்ப்பா" என்றார்கள். அந்தம்மாவுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

மச்சான் மறுபடியும் லேத்துக்கு வந்தான். ஒற்றைக் கண்ணால் அளவு பார்ப்பதற்குத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பழகினான். முதலில் இரண்டு மூன்று சாமான் வீணாயிற்று. அப்புறம் பழைய கை வந்துவிட்டது. நாங்கள் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. முதலாளிதான் பேசினார். வண்டி கட்டிக்கொண்டு வருகிற குடியானவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "அதோ நிக்கிறான் பாரு, அவன் தீட்டாலதான்..." என்று ஆரம்பிப்பார். நான் மூடி போட்ட புதுக்கல்லில் இரும்பை அழுத்திக்கொண்டு நிற்பேன். அந்த வருஷம் நான் தேய்த்த சாமான்களில் சில அளவுக்கு மேல் தேய்ந்துபோயின. கோபத்தில் கை அழுந்திவிடும், வேறு என்ன?

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம். முதலாளி சாணைப் பக்கம் வந்தார். வழக்கமாக அவர் அந்தப் பக்கம் வருவதில்லை. மிஷினைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கல்ல கழட்டி அலமாரில வெச்சிட்டுப் போ. தொட்டில தண்ணி ஊத்த வேணாம்னு வூட்லயும் சொல்லிட்டேன்."

அப்படியானால் இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஈரக் கல்லோடு போய் நின்ற அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என்னை ஊர் முன்னால் விழவைத்தார், தெரிந்துகொண்டேதான் ஒரு வருஷமாக ஊராரிடம் கதை சொன்னார். எங்கேயோ இருந்து எனக்கு வாய் வந்தது.

"ஏன் மொதலாளி? இந்த வருஷம் எனக்குத் தீட்டு இல்லியே. கல்லு இருக்கட்டும். அம்மா தொட்டி நெறைய மஞ்சத்தண்ணி ரொப்பட்டும். மறுநாளு நீங்களே எதிர்ல நின்னு சுவிட்ச போடுங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். போன வருஷம் சத்தமாகச் சொல்லச் சொன்னவர்தானே. பின்னால் லேத்து ஓடுகிற சத்தம் நின்றது. முதலாளி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, லேத்துப் பக்கம் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

மச்சான் என்னிடம் வந்தான். அந்த நாளுக்கப்புறம் அவன் சாணைக்குப் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. ஆணியில் தொங்கிய ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"கழட்டு மச்சான்."

"கேட்டியாடா, அந்தாளு சொன்னத?" என்றேன்.

"கேட்டேன். எனக்குக் காது ரெண்டும் இருக்குது" என்றான்.

ஸ்பேனரை வாங்கி நட்டில் மாட்டினேன். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை அவனும் சேர்ந்து பிடித்தான்.